குடியிருப்புத் தெருமுனையில் ஸ்டாப் சைன்: சிட்டி மறுத்தால் அடுத்து என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்கப் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். எங்கள் சப்டிவிஷனுக்குள் இரண்டு தெருக்கள் குறுக்கிடும் இடத்தில் சின்னத் தெருவுக்கு மட்டும் ஸ்டாப் சைன் இருக்கிறது. பெரிய தெருவில் வருகிறவர்கள் நிற்காமல் வேகமாகப் போகிறார்கள். பிள்ளைகள் ஸ்கூல் பஸ் ஏறுவதும் அங்கேதான். நாலு பக்கமும் ஸ்டாப் சைன் வைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் கையெழுத்தோடு சிட்டியிடம் மனு கொடுத்தோம். "வாரண்ட் பூர்த்தியாகவில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்யலாம்?

பதில்:

வாரண்ட் என்பது ஸ்டாப் சைன் வைக்க ஒரு சந்திக்கு இருக்க வேண்டிய தகுதி வரம்பு. அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஆனால் அதே மனுவை இன்னும் நூறு கையெழுத்தோடு திரும்பக் கொடுத்தால் அதே பதில்தான் வரும். கையெழுத்து எண்ணிக்கையைப் பார்த்து டிராஃபிக் இன்ஜினியர் முடிவெடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. முதலில் நீங்கள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, அந்தச் சந்தியில் உண்மையான பிரச்சினை எது என்பது. வேகமா? சின்னத் தெருவிலிருந்து பார்த்தால் வண்டி வருவது தெரியவில்லையா? யார் முதலில் போவது என்ற குழப்பமா? பிள்ளைகள் சாலையைக் கடக்க முடியவில்லையா? நாலுக்கும் மருந்து வேறு. ஸ்டாப் சைன் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நன்றாக வேலை செய்யும், நான்காவதுக்கு ஓரளவு உதவும், முதலாவதுக்கு உதவாது.

வேகத்துக்கு ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் அடிபடுகின்றன. அமெரிக்கா முழுவதும் சாலைக் குறிகளுக்கான விதிநூல் எம்யூடிசிடி. மத்திய அரசின் நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிடுவது. அதன் 11வது பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. மாநிலங்கள் அதை ஏற்க இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்றவை இதைத் தழுவி சொந்தப் பதிப்பே வைத்திருக்கின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்த ஸ்டாப் சைனைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்த நூல் நேரடியாகவே சொல்கிறது. காரணம் அனுபவத்தில் வந்தது. ஸ்டாப் சைனை ஒட்டி ஏறக்குறைய 150 முதல் 200 அடிக்குள்தான் வேகம் குறைகிறது. அதைத் தாண்டியதும் ஓட்டுநர் இழந்த நேரத்தைப் பிடிக்க மிதிக்கிறார். தெருவின் நடுப்பகுதியில், அதாவது பிள்ளைகள் விளையாடும் இடத்தில், வேகம் முன்பு இருந்த அளவிலேயே இருக்கும், சில தெருக்களில் கூடியும் போகும். ஜார்ஜியாவின் க்வினெட் கவுண்டியைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் 1999இல் எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதே முடிவுதான் கிடைத்தது. ஆகவே உங்கள் மனுவில் "வேகமாகப் போகிறார்கள், அதனால் ஸ்டாப் சைன் வேண்டும்" என்று எழுதியிருந்தால், இன்ஜினியர் கையில் நீங்களே மறுப்புக்கான காரணத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. தேவையில்லாத இடத்தில் வைத்த ஸ்டாப் சைனை மக்கள் மதிப்பதில்லை. பக்கத் தெருவில் வண்டியே வராது என்று இரண்டு வாரத்தில் தெரிந்துகொள்வார்கள், பிறகு உருட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. சிவப்புப் பலகை இருக்கிறது, கார் நிற்கும் என்று நம்பிக் காலை வைக்கும். பலகை இல்லாத சந்தியில் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கிற பிள்ளை, பலகை இருக்கிற சந்தியில் பார்க்காமல் கடக்கிறது. பாதுகாப்பு கேட்டு ஆபத்தை வாங்கிக்கொள்வது இப்படித்தான்.

சரியான இடத்தில் வைத்தால் கதையே வேறு. வட கரோலினாவில் 53 சந்திகளை இரு பக்க ஸ்டாப்பிலிருந்து எல்லாப் பக்க ஸ்டாப்பாக மாற்றி ஆராய்ந்ததில் மொத்த விபத்துகள் சுமார் 68 சதவீதம் குறைந்தன. ஃபிலடெல்ஃபியாவில் ஒருவழித் தெருக்களில் தேவையற்ற சிக்னல் விளக்குகளை எடுத்துவிட்டு எல்லாப் பக்க ஸ்டாப் வைத்தபோது விபத்துகள் சுமார் 24 சதவீதம் குறைந்தன. அதனால் "ஸ்டாப் சைன் வேலை செய்யாது" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம்.

இப்போது வாரண்ட் விஷயத்துக்கு வருவோம். எல்லாப் பக்க ஸ்டாப்புக்கு 11வது பதிப்பு சில தகுதி வரம்புகளை வகுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று பொருந்தினாலும் வைப்பதைப் பரிசீலிக்கலாம். பொருந்தினால் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. முடிவு பொறியாளரின் ஆய்வைப் பொறுத்தது.

முதலாவது விபத்து வரலாறு. நாற்சந்தியாக இருந்தால் 12 மாதத்தில் ஐந்து விபத்து, அல்லது 36 மாதத்தில் ஆறு. முச்சந்தியாக இருந்தால் 12 மாதத்தில் நாலு, அல்லது 36 மாதத்தில் ஐந்து. எல்லா விபத்தும் கணக்கில் வராது. ஸ்டாப் சைன் தடுத்திருக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும்: குறுக்கே வந்து இடித்தது, இடதுபுறம் திரும்பும்போது இடித்தது. நிறுத்தியிருந்த காரை உரசியது, பின்னாலிருந்து முட்டியது எல்லாம் சேராது. கவனிக்க வேண்டியது, 36 மாதக் கணக்கு இந்தப் பதிப்பில் வந்தது. 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் 12 மாதத்தில் ஐந்து என்பது மட்டுமே இருந்தது. உங்களுக்கு வந்த மறுப்பு பழைய பதிப்பை வைத்து எழுதப்பட்டதா என்று கேளுங்கள். கேட்கத் தகுந்த கேள்வி அது.

இன்னொன்று: போலீஸ் ரிப்போர்ட் இல்லாத விபத்து, விபத்தே இல்லை. தெருக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்ட இடிகளெல்லாம் சிட்டியின் பதிவில் பூஜ்யம். இனிமேல் சின்ன இடியாக இருந்தாலும் ரிப்போர்ட் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது வண்டி எண்ணிக்கை. பெரிய தெருவின் இரு பக்கமும் சேர்த்து மணிக்கு சராசரியாக 300 வண்டி, சின்னத் தெருவில் வண்டி, சைக்கிள், நடப்பவர்கள் எல்லாம் சேர்த்து மணிக்கு 200, அதுவும் ஒரு நாளில் ஏதாவது எட்டு மணி நேரத்துக்கு. பெரிய தெருவில் 85வது பெர்சென்டைல் வேகம் (நூறில் 85 வண்டிகள் இந்த வேகத்துக்குள் ஓடும்) 40 மைலைத் தாண்டினால் இந்த எண்கள் 70 சதவீதமாகக் குறையும். குடியிருப்புத் தெருவில் இது எவ்வளவு எட்டாத உயரம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தனி வீட்டிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்பது, பத்து வண்டிப் பயணங்கள் நடக்கும், போவதும் வருவதும் சேர்த்து. மாலை நெரிசல் மணியில் வீட்டுக்கு ஒன்று. எட்டு மணி நேரமும் 200 வர வேண்டுமென்றால், அந்தச் சின்னத் தெரு தோராயமாக முந்நூறு வீடுகளுக்கு வழியாக இருக்க வேண்டும். நாற்பது வீட்டுத் தெருவில் அது நடக்காத காரியம். எனவே இந்த வழியை விட்டுவிடுங்கள்.

உங்களைப் போன்ற சந்திகளுக்கு வாய்ப்பு இருப்பது வேறு இரண்டு வாரண்டுகளில். ஒன்று, பார்வைத் தூரம். சின்னத் தெருவில் நிற்பவருக்கு வரும் வண்டி போதிய தூரத்தில் தெரியவில்லை, அந்தத் தடையை நீக்கவும் வழியில்லை என்றால் எல்லாப் பக்க ஸ்டாப் நியாயம். மற்றொன்று "பிற காரணங்கள்": இடதுபுறத் திருப்பத்தில் மோதல்கள், நடப்பவர்கள் அதிகம் வந்துபோகும் பள்ளி, பூங்கா அருகாமை, அல்லது ஒரே மாதிரி அகலமும் பயன்பாடும் கொண்ட இரண்டு குடியிருப்புக் கலெக்டர் தெருக்கள் (சின்னத் தெருக்களின் வண்டிகளைத் திரட்டிப் பெரிய சாலைக்குக் கொண்டுபோகும் தெருக்கள்) சந்திப்பது. குடியிருப்புப் பகுதிகளுக்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கும் கடைசி வாசகத்தை மனுவில் அப்படியே எடுத்தாளுங்கள், உங்கள் சந்திக்குப் பொருந்தினால் மட்டும்.

பார்வைத் தூரத்தை நீங்களே அளக்கலாம். ஐம்பது அடி டேப் ஒன்று, இரண்டு பேர், காலை வெளிச்சம் போதும். சின்னத் தெருவில், பெரிய தெருவின் வண்டி ஓடும் ஓரத்திலிருந்து 14.5 அடி பின்னால் நில்லுங்கள். கார் ஓட்டுநரின் கண் இருக்கும் இடம் அதுதான். கண் உயரம் 3.5 அடி என்று எடுத்துக்கொள்வார்கள், எனவே குனிந்தோ மண்டியிட்டோ பார்க்க வேண்டும். நின்றபடி பார்த்தால் வேலிக்கு மேலாகத் தெரிந்துவிடும், அளவு தப்பாகிவிடும். உடன் வந்தவர் நடைபாதையில் இருந்தபடி பெரிய தெரு ஓரமாக நடந்து போகட்டும். தரையிலிருந்து 3.5 அடி உயரத்தில் ஒரு பளிச்சென்ற துணியைப் பிடித்துக்கொள்ளட்டும். துணி எங்கே மறைகிறதோ அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது, வலது இரண்டு பக்கமும்.

எவ்வளவு தேவை? நின்ற காரிலிருந்து இடதுபுறம் திரும்ப 7.5 விநாடி இடைவெளி வேண்டும் என்பது வடிவமைப்புக் கணக்கு. மணிக்கு 25 மைல் தெருவில் அது 280 அடி, 30 மைலில் 335 அடி. இங்கே வேகம் என்பது பலகையில் எழுதிய வேகமல்ல, நிஜமாக ஓடுகிற வேகம். 25 மைல் தெருவில் 35இல் வருகிறவர்கள் இருந்தால், அந்த வண்டி விநாடிக்கு 51 அடி ஓடுகிறது. 280 அடியை ஐந்தரை விநாடியில் கடந்துவிடும், ஆகவே ஏழரை விநாடி கணக்கில் எடுத்த இடைவெளி போதாமல் போகிறது. வேகம் ஸ்டாப் சைனுக்குக் காரணமாகாது என்றாலும், பார்வைத் தூரம் போதாது என்று காட்ட அது உங்களுக்கு உதவும்.

அளந்து பார்த்தால் பல இடங்களில் குற்றவாளி யாரென்று உடனே தெரிந்துவிடும்: மூலை வீட்டு வேலி, புதர், பலகை வேலி, அல்லது முனையை ஒட்டி நிறுத்திய வேன். தெருமுனையில் பார்வைக்காகத் திறந்துவிட வேண்டிய முக்கோணப் பகுதிக்குள் செடி, வேலி 30 அல்லது 36 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது என்று பல சிட்டிகளில் சட்டமே உண்டு. சிட்டி விதிகளை அமல்படுத்தும் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவுக்கு ஒரு புகார் போதும், சில வாரத்தில் வெட்டிவிடுவார்கள். புகாருக்கு முன் மூலை வீட்டுக்காரரிடம் நேரில் போய் நீங்கள் அளந்ததைக் காட்டிப் பேசுங்கள். பெரும்பாலோருக்குத் தங்கள் செடி மறைக்கிறது என்றே தெரியாது.

வண்டி நிறுத்துவதும் அப்படித்தான். ஸ்டாப் சைனுக்கு முன் 30 அடி, சந்தியில் நடப்பவர்கள் கடக்கும் கிராஸ்வாக்குக்கு முன் 20 அடி நிறுத்தக் கூடாது என்பது பல மாநிலங்களின் சட்டம். கலிபோர்னியாவில் ஏபி 413 சட்டப்படி கிராஸ்வாக்கின் வண்டி வரும் பக்கத்தில் 20 அடிக்குள் நிறுத்தினால் 2025 முதல் அபராதம், சாலை ஓரக் கல்லான கர்ப் சிவப்பாக இல்லாவிட்டாலும். முனையை இப்படித் திறந்துவிடுவதன் பலன் பெரிது. நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நகரம் தெருமுனைகளைத் திறந்துவிடுவதைத் தொடர்ந்து செய்துவந்தது. 2017க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே சாலை மரணமே இல்லை. பெயின்ட்டும் நட்டு வைத்த பிளாஸ்டிக் கம்பங்களும்தான் அங்கே செய்த வேலையில் பெரும்பகுதி. என் அபிப்பிராயத்தில் ஸ்டாப் சைனுக்கு முன்பாகவே கேட்க வேண்டியது இதைத்தான்.

இனி மனுவை எப்படி எழுதுவது. முதலில் தெரு யாருடையது என்று உறுதிசெய்யுங்கள். சிட்டியா, கவுண்டியா, மாநிலமா, அல்லது எச்ஓஏவின் (வீட்டு உரிமையாளர் சங்கத்தின்) தனியார் தெருவா. எப்போதும் கேட் பூட்டியிருக்கும் சமுதாயத்தின் தெருக்கள் எம்யூடிசிடியின் வரம்புக்குள் வராது, கேட் இல்லாமல் பொதுமக்கள் ஓட்டக்கூடிய தனியார் தெரு வரும். ஆனாலும் தனியார் தெருவில் போலீஸ் டிக்கெட் போட வேண்டுமானால் உள்ளூர் அரசுடன் எச்ஓஏ ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்கலாம். எச்ஓஏ தன் இஷ்டத்துக்குப் பொதுத் தெருவில் பலகை நடுவதோ, வீட்டுக்காரர் ஆன்லைனில் வாங்கி நடுவதோ சட்ட விரோதம். அப்படி நட்ட பலகையை நம்பி விபத்து நடந்தால் பொறுப்பு நட்டவர் தலையில் விழும்.

பிறகு "ஸ்டாப் சைன் வையுங்கள்" என்று கேட்காமல் "இந்தச் சந்திக்கு பொறியியல் ஆய்வு செய்யுங்கள்" என்று கேளுங்கள். அதில் இவற்றைக் குறிப்பிட்டுக் கோருங்கள்: மூன்று ஆண்டு விபத்துப் பதிவு, செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாட்களில் எடுத்த வண்டி எண்ணிக்கை, 85வது பெர்சென்டைல் வேகம், பள்ளி விடும் நேரத்தில் நடப்பவர் எண்ணிக்கை, நாலு முனையிலிருந்தும் பார்வைத் தூரம். பள்ளி விடுமுறையில் எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும், ஆகவே எந்த வாரம் எண்ணப்போகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். உங்கள் அளவுகள், மண்டியிட்ட உயரத்தில் எடுத்த படங்கள், ரிப்போர்ட் எண்கள் ஆகியவற்றை இணையுங்கள். ஏற்கெனவே ஆய்வு நடந்திருந்தால், பொது ஆவணக் கோரிக்கை மூலம் அந்த அறிக்கையை வாங்குங்கள். ஒரு வரி மறுப்புக்குப் பின்னால் பல பக்கம் இருக்கும், எந்த வாரண்டில் எவ்வளவு குறைந்தது என்பது அதில் தெரியும். ஆறு வேண்டிய இடத்தில் ஐந்து விபத்து என்று இருந்தால் அடுத்த ஆண்டு திரும்பக் கேட்கலாம். இரண்டு என்று இருந்தால் வேறு வழி தேட வேண்டும்.

வேறு வழி என்றால், வேகம்தான் உங்கள் நோய் எனும்போது பல சிட்டிகளில் தெருவின் வேகத்தைத் தணிக்க டிராஃபிக் காமிங் என்று தனித் திட்டமே உண்டு. அங்கே கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. தெருவில் குறிப்பிட்ட விகிதம் வீடுகள் சம்மதித்தால்தான் செய்வார்கள். 12 அடி நீளம், 3 முதல் 4 அங்குல உயரம் கொண்ட ஸ்பீட் ஹம்ப் என்ற வேகத்தடை, சில நூறு அடிக்கு ஒன்றாகத் தொடர்ச்சியாகப் போட்டால் தெரு முழுவதும் வேகம் அடங்கும். ஒன்றே ஒன்று போட்டால் ஸ்டாப் சைனின் அதே குறைதான். தீயணைப்பு வண்டிப் பாதையாக இருந்தால் ஹம்ப் மறுப்பார்கள், அப்போது சக்கர இடைவெளி விட்ட குஷன் கேளுங்கள். சந்தியின் நடுவே சின்ன வட்டத் திட்டு இன்னொரு நல்ல வழி. சியாட்டில் நகரின் குடியிருப்புத் தெருக்களில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. எந்தப் பக்கம் வந்தாலும் வளைந்து போக வேண்டியிருப்பதால், யாரும் கண்காணிக்காவிட்டாலும் வேகம் குறையும். பலகையோடு ஒப்பிட்டால் செலவு அதிகம்தான். பலகையும் கம்பமும் சில நூறு டாலரில் முடியும், ஹம்ப் ஒன்றுக்கே சில ஆயிரம் ஆகும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பஸ் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது சிட்டி அல்ல, ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் போக்குவரத்துப் பிரிவு. பெரிய தெருவைக் கடக்கத் தேவையில்லாத பக்கத்துக்கு நிறுத்தத்தை மாற்றச் சொல்லி எழுதுங்கள். இதற்கு ஆய்வோ கவுன்சில் தீர்மானமோ வேண்டாம். சின்னத் தெருவில் நிற்பவர்கள் குறுக்கே வருபவரும் நிற்பார் என்று தவறாக நினைத்து நுழைகிறார்கள் என்றால், இருக்கிற ஸ்டாப் சைனுக்குக் கீழே "குறுக்கே வருபவர் நிற்கமாட்டார்" என்ற பலகையைச் சேர்க்கச் சொல்லலாம். அதுவும் விரைவில் நடக்கும்.

அனுமதி கிடைத்துவிட்டால், நடும்போது சரியாக நடுகிறார்களா என்று பாருங்கள். முதலில், கவுன்சில் தீர்மானமோ பொறியாளர் ஆணையோ, உங்கள் ஊர் வழக்கப்படி எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டிக்கெட் கோர்ட்டில் நிற்காமல் போகலாம். ஒரு லேன் தெருவில் பலகை 30 அங்குலம், வரும் பக்கம் பல லேன் இருந்தால் 36. நடப்பவர்களும் பார்க்கிங்கும் இருக்கும் தெருவில் பலகையின் அடிப்பகுதி 7 அடி உயரத்தில், கர்ப் முகத்திலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி. ஒவ்வொரு பலகைக்குக் கீழும் "ஆல் வே" துணைப்பலகை வேண்டும். பழைய "4 வே" பலகைக்கு இப்போது இடமில்லை. குறுக்குத் தெருவின் ஓரத்திலிருந்து 50 அடிக்குள் பலகை இருக்க வேண்டும். நிறுத்தக் கோடு 12 முதல் 24 அங்குல அகலம், கிராஸ்வாக்குக்கு 4 அடி முன்பாக. கம்பம் கார் மோதினால் ஒடிந்து விழும் வகையாக இருக்க வேண்டும், கான்கிரீட்டில் புதைத்த கனமான பைப் கூடாது.

அடிக்கடி தவறுவது மூன்று. நாலு பலகையையும் வெவ்வேறு நாளில் நடுவது முதலாவது. இரண்டு பக்கம் நட்டு, மீதி அடுத்த வாரம் என்றால், இடையில் யாருக்கு முன்னுரிமை என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் மூடிவைத்து ஒரே நாளில் திறக்க வேண்டும். இரண்டாவது, இத்தனை ஆண்டு நிற்காமல் போய்ப் பழகியவர்களுக்கு முன்னறிவிப்பு இல்லாதது. பெரிய தெருவில் சில வாரங்களுக்காவது "புதியது" என்ற பலகையோ ஆரஞ்சுக் கொடியோ வேண்டும். வளைவோ மேடோ மறைத்தால் "முன்னே ஸ்டாப்" பலகை நிரந்தரமாகவே வேண்டும். மூன்றாவது மரக்கிளை. குளிர்காலத்தில் நடும்போது பளிச்சென்று தெரிந்த பலகை, மே மாதத்தில் இலைக்குள் போய்விடும். பலகைக்கு முன்னால் உள்ள மரத்தைச் சிட்டியின் கிளை வெட்டும் அட்டவணையில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.

திறந்த முதல் மாதம் காலையும் மாலையும் போலீஸ் கண்காணிப்பு கேளுங்கள், பழக்கம் அப்போதுதான் உருவாகும். ஓராண்டு கழித்து அதே விபத்துப் பதிவையும் வேக அளவையும் கோரி வாங்கி, முந்தைய எண்களோடு வைத்துப் பாருங்கள். தெரு நடுவில் வேகம் குறையவில்லை என்றால், டிராஃபிக் காமிங் மனுவுக்கான ஆவணம் அப்போதே உங்கள் கையில் இருக்கும்.